தரை ஆர்க்கிட்டுக்கு மண்ணு கலக்குறேன்

ஆர்க்கிட்னாலே கரித்துண்டுல தொங்கவிடணும்னு நெனச்சிட்டு இருந்தேன், அது வாண்டா மாதிரி மரத்துல ஒட்டி வளர்றதுக்குத்தான், ஸ்பத்தோகிளாட்டிஸ் தரையில வேர் விடுற ஜாதி, அதுக்கு மண்ணு வேணும். சரின்னு வெறும் செம்மண்ண தொட்டில ரொப்பி வெச்சேன். 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் நம்ம புதுச்சேரி பக்கம் கரையேறுச்சே, அந்த மழைல தொட்டி சேறாயிடுச்சு, தண்ணி இறங்கவே இல்ல, புடுங்கிப் பாத்தா வேரு கருத்துப்போய், தொட்டா தோல் உரிஞ்சு நடுவுல நூலு மட்டும் கையில வருது.

இப்ப செம்மண்ணு ஒரு பங்கு, கோகோபீட் (தேங்கா நாரு தூள்) ஒன்னு, மக்குன இலை ஒன்னு, பட்டாணி சைசுக்கு உடைச்ச செங்கலும் கரியும் சேத்து ஒன்னு. சாணி உரம் நல்லா மக்குனதா ஒரு கைப்பிடி போதும். கோகோபீட்ட அப்படியே போட்றாதீங்க, உப்பு இருக்கும், டீ டிக்காஷன் மாதிரி எறங்குற தண்ணி வெளுக்குற வரைக்கும் ரெண்டு மூணு தடவ ஊறவெச்சு பிழியணும். பீச் மணல் ஓசின்னு அள்ளிட்டு வர்றதும் அதே உப்புக் கதைதான் (எங்க மாமா ஒரு சாக்கு கொண்டாந்தாரு, பேசல நான்).

கலவைய ஈரமாக்கி கையில இறுக்கிப் புடிங்க, விரல விட்டதும் உதிரணும், கொழுக்கட்ட மாதிரி நின்னா இன்னும் செங்கல் போடணும். நடும்போது கிழங்க பொதைக்காதீங்க, பாதி வெளிய தெரியட்டும், இல்லனா குருத்து அழுகிடும்.

ஊதாப் பூ ஆர்க்கிட் பூத்துடுச்சு, மஞ்சப் பூ ஆர்க்கிட் இன்னும் இலையா விட்டுட்டு இருக்கு.