பசியின்மை என்று எழுதிய சீட்டு

மதுரையில் ஒரு மருத்துவமனையின் உணவியல் பிரிவில் பணியாற்றுகிறேன். உணவுண்ணல் கோளாறு உள்ளவர்கள் அந்தப் பெயரோடு எங்களிடம் வருவது அரிது. வயிற்று உப்புசம், மாதவிலக்கு நின்றுபோதல், மயக்கம் என்று ஒவ்வொரு மருத்துவராகப் பார்த்து, ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் எடுத்து, சத்து டானிக் குடித்து, சிலர் கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டிக்கொண்டு, கடைசியில் ‘பசியின்மை’ என்று எழுதிய சீட்டோடு வந்து சேர்கிறார்கள். குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தை அவர்களில் பலர் சொல்வதே இல்லை. “ரெண்டு வாய்க்கு மேல இறங்கல, நெஞ்சை அடைக்குது” என்றுதான் சொல்கிறார்கள். ஹாங்காங்கின் மனநல மருத்துவர் சிங் லீ தம் நோயாளிகளிடம் இதையே கண்டு 1990களில் எழுதினார். ஆகவே, அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொன்னால்தான் அனோரெக்சியா, அதாவது உணவை ஒதுக்கி ஆபத்தான அளவுக்கு மெலிந்துபோகும் கோளாறு, என்று ஏற்போம் எனக் காத்திருப்பது ஆபத்து என்றே கருதுகிறேன்.

பள்ளி மாணவி ஒருத்தி என் எதிரில் ஒரே ஒரு இட்லியை உண்டதை இப்போதும் சொல்ல முடியும். அதை நகத்தளவாகப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொரு துண்டையும் எடுத்து, சட்னியில் தொட்டும் தொடாமலும் நெடுநேரம் மென்றாள். சாம்பார் ஆறி ஏடு கட்டிவிட்டது. “எல்லாருக்கும் வகைவகையா ஆக்கிப் போடுறா மேடம், ராத்திரி முழுக்கச் சமையல் வீடியோ பாக்குறா, தான் மட்டும் வாயில வைக்க மாட்டேங்குறா” என்று அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதைப் பிடிவாதம் என்று உறவினர்கள் பேசியிருந்தார்கள்.

பிடிவாதம் அல்ல, பட்டினி செய்யும் வேலை அது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944–45இல் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், உடலும் மனமும் நலமாக இருந்த 36 ஆண்கள் 24 வாரங்கள் அரைப்பட்டினியாக வைக்கப்பட்டார்கள். அவர்களும் தட்டின் முன் நெடுநேரம் உட்கார்ந்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு விலகினார்கள். எந்தக் காரணத்தால் தொடங்கினாலும், எடை சரிந்த பிறகு பட்டினியே நோயை வளர்க்கிறது. மூளைக்கு உணவு போகாமல் ஆலோசனை மட்டும் தலையில் ஏறுவதில்லை. ஆனால், பதறிப்போய் ஒரே நாளில் நெய்ச்சோறு ஊட்டுவதும் தவறு. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென அதிகம் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நின்றுவிடலாம். அதனால் இரத்தப் பரிசோதனை பார்த்து, மருத்துவர் மேற்பார்வையில்தான் அளவைக் கூட்டுகிறோம்.

காரணம் என்னவென்று கேட்டால், எல்லோரும் திரும்பிப் பார்ப்பது தாயை. எனக்கு இது தாங்க முடியாததாக இருக்கிறது. இரட்டையர் ஆய்வுகள் இந்நோயில் ஏறத்தாழ பாதிப் பங்கு பரம்பரைக்கு உண்டு என்று காட்டுகின்றன. 2019இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு, மனநலத்தோடு உடலின் வளர்சிதை மாற்றத்துக்கும் இதில் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. அந்த இயல்போடு பிறந்த பிள்ளைக்கு, ஒரு காய்ச்சலோ, தேர்வு நெருக்கடியோ, கல்யாண வீட்டில் யாரோ சொன்ன “என்னடி இப்படிப் பூசிட்ட?” என்ற ஒரு சொல்லோ போதும். சூழலுக்கும் பங்கு உண்டு: பசிபிக் தீவு நாடான பிஜியின் நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தபோது, எடைக்காக வாந்தி எடுப்பதாகச் சொன்ன மாணவி ஒருத்திகூட அமெரிக்க மனநல மருத்துவர் ஆன் பெக்கரின் ஆய்வில் இல்லை; 1998இல் அது சுமார் 11 சதவீதம்.

அளவின்றி உண்டுவிட்டு, வாந்தி எடுத்தோ வேறு வழியிலோ அதை ஈடுகட்டப் பார்க்கும் கோளாறான புலிமியாவில் எடை பெரும்பாலும் சரியாகவே இருப்பதால் வீட்டாருக்கு எதுவும் தெரிவதில்லை. விரல் முட்டித் தழும்பையும், பற்களின் தேய்மானத்தையும், குறைந்த பொட்டாசியத்தையும் வைத்தே சந்தேகிக்கிறோம். ஜிம்முக்குப் போகும் பையன்களும் இதில் உண்டு.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை, வளரிளம் பிள்ளையின் சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றோரிடமே முதலில் ஒப்படைக்கிறது. நான் தாய்மார்களிடம் கேட்பதும் அதுதான்: கூடவே உட்கார்ந்து உண்ணுங்கள், எடையைப் பற்றிப் பேசாதீர்கள், சாப்பிட்டு முடித்ததும் ஒரு மணி நேரம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அப்பாவையும் அடுத்த முறை அழைத்து வரச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.