பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி: வாங்கும் முன் மூடியைக் கழட்டுங்க

எஸ்எஸ்டின்னா ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலா போடுற, சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம். உள்ளே 2.5 இஞ்ச் ஹார்டு டிஸ்க் இருந்தா, அந்த இடத்துக்கு சாட்டா (ஹார்டு டிஸ்க் இணைக்கிற பழைய முறை) எஸ்எஸ்டிதான். எம்.2 ஸ்லாட் (சின்ன கார்டு வடிவ எஸ்எஸ்டி செருகுற இடம்) கண்ணுல பட்டதும் என்விஎம்இ (சாட்டாவை விட வேகமான வகை) எஸ்எஸ்டிக்கு ஆர்டர் போட்டுடாதீங்க. பழைய மாடல்கள் சிலதில் அந்த ஸ்லாட் சாட்டாவை மட்டும்தான் ஏத்துக்கும். கார்டு கச்சிதமா உட்கார்ந்தாலும் பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கிற அடிப்படை செட்டிங் திரை) அதோட பேரே வராது.

எஸ்எஸ்டி தடிமன் பொதுவா 7 மில்லிமீட்டர். கழட்டின டிஸ்க் 9.5 என்றால் புதுசு உள்ளே ஆடும், கனெக்டர் லூஸாகும். மெல்லிய பிளாஸ்டிக் ஸ்பேசர் ஒட்டினா போதும்.

டிவிடி டிரைவை எடுத்துட்டு கேடி (caddy, அந்த இடத்துல டிஸ்க்கைப் பொருத்துற சட்டம்) போடுறதா இருந்தா, டிரைவோட தடிமன் 9.5 மில்லிமீட்டரா, 12.7-ஆன்னு அளந்துக்கோங்க. எஸ்எஸ்டியை மெயின் இடத்துல வச்சு, பழைய டிஸ்க்கை கேடிக்கு அனுப்புங்க. சில லேப்டாப்பில் டிவிடி போர்ட் மெதுவா ஓடும்.

பழைய டிஸ்க்கை அப்படியே புதுசுக்கு நகலெடுக்கும் (குளோன்) முன் பிட்லாக்கரை (விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதி) நிறுத்துங்க. முடிஞ்சதும் பழைய டிஸ்க்கைக் கழட்டிட்டுத்தான் முதல் பூட். ரெண்டும் ஒரே அடையாள எண்ணோட இருந்தா விண்டோஸ் குழம்பும். இதைத்தான் பலர் மறக்குறாங்க!

சாட்டா 2 (சாட்டாவின் பழைய, மெதுவான தலைமுறை) இணைப்புல எஸ்எஸ்டி வேகம் நொடிக்கு 280 எம்பி தாண்டாது. கவலை வேண்டாம், ஹார்டு டிஸ்க்கின் ஊசி அலையுற நேரம் மிச்சமாகுறதே பெரிய வித்தியாசம்.