ஸ்ட்ராபெரி பறிப்பவர் சோம்பேறியா?

கலிபோர்னியாவில் நாள் முழுக்கக் குனிந்து ஸ்ட்ராபெரி பறிக்கும் ஒரு மெக்சிகோக்காரரிடம் "ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்கிறீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார். உடனே ஆய்வுக் கணக்கில் அவர் உடலை அசைக்காதவர் ஆகிவிடுகிறார். இது ரொம்ப நாளாக என்னை உறுத்துகிறது.

1988 முதல் 1994 வரை அமெரிக்காவில் நடந்த தேசிய உடல்நல ஆய்வில், மெக்சிகோ வம்சாவளியினரில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் ஆங்கிலம் பேசுபவர்களைவிட ஓய்வு நேரத்தில் குறைவாகவே உடற்பயிற்சி செய்வதாகத் தெரிந்தது. வீட்டில் ஆங்கிலம் பேசுவதை, புது ஊரின் பழக்கம் ஒட்டியதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். சரி, அந்தப் பழக்கம் ஒட்ட ஒட்ட ஜிம்மும் ஓட்டமும் கூடுகின்றன. ஆனால் வேலையில் சுமப்பதையும், பஸ் பிடிக்க நடப்பதையும் பின்னால் வந்த ஆய்வாளர்கள் சேர்த்து எண்ணினார்கள். அந்தப் பக்கம் அதிகம் உழைத்தது, புதுப் பழக்கம் ஒட்டாதவர்கள்தான்!

அதற்காக வயல் வேலையே போதும் என்று நான் சொல்லவில்லை. எட்டு மணி நேரம் முதுகு வளைவதும் மாலையில் காற்றாட நடப்பதும் உடம்புக்கு ஒன்றல்ல. அந்த மாலை நடைக்கு நேரம் வேண்டும், விளக்கு எரியும் தெரு வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970களிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய சாலைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விடுகிறார்கள். இன்று அது 100 கிலோமீட்டருக்கும் மேல். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவருக்கு, நடைபாதையே இல்லாத ஒரு அமெரிக்கப் புறநகரில் வீடு கிடைத்தால் அவர் எங்கே போய் நடப்பார்?