நெட் வரலையா? எது வரலை?

அலுவலகத்தில் யாராவது வந்து "நெட் வரலை சார்" என்றால் நான் முதலில் கேட்பது "எது வரலை?" என்றுதான். கேட்பவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் வைஃபை இணைந்திருப்பது, ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியின் எண் முகவரி) கிடைத்திருப்பது, கேட்வே (வெளியே போகும் வாசலான ரவுட்டர்) வரைக்கும் போய்வர முடிவது, டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு ஐபி தேடித் தருவது) பதில் சொல்வது எல்லாம் தனித்தனி சமாச்சாரங்கள், இதில் எது படுத்தாலும் பிரவுசரில் தெரிவது ஒரே மாதிரி வெள்ளைப் பக்கம். புதிதாக வேலைக்கு வரும் பையன்களை நெட்வொர்க் வேலையைப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்குகளை ஒப்பிக்க வைப்பதைவிட, இவற்றை வரிசையாகச் சோதிக்கப் பழக்கினால் பாதிச் சொற்கள் தானாகவே விளங்கிவிடும் என்பது என் கட்சி.

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் 192.168.1.23 மாதிரி ஒரு ஐபி, 255.255.255.0 என்று ஒரு சப்நெட் மாஸ்க், 192.168.1.1 என்று ஒரு டிஃபால்ட் கேட்வே வரும். இதே 192.168.1.23 பக்கத்து வீட்டிலும் இருக்கலாம், சண்டை வராது. 192.168 வரிசையையும், 10 என்று தொடங்குவதையும், 172.16 முதல் 172.31 வரையுள்ளதையும் 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் உள்ளூர் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிவிட்டது. வெளியே போகும்போது ரவுட்டர் இந்த முகவரியை எடுத்துவிட்டுத் தன் பொது முகவரியைப் போட்டு அனுப்புகிறது, அதுதான் நாட். இந்த வகை முகவரிக்கு ஐபிவி4 என்று பெயர், நீளம் 32 பிட். மொத்தமே சுமார் 430 கோடிதான், 2011 பிப்ரவரியிலேயே உலகளவில் முகவரிகளைப் பங்கிடும் ஐயானாவின் கையிருப்பு தீர்ந்துபோனது. அதனால் இப்போது சேவை நிறுவனங்களே தங்கள் பக்கமும் ஒரு நாட் போடுகின்றன. உங்கள் ரவுட்டரின் வான் (WAN, அதாவது வெளி இணைய) பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கும் முகவரி இருந்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர், வீட்டு சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்க எத்தனை தடவை போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே இருக்கும் கருவிக்குத் திருப்புவது) போட்டாலும் வேலைக்கு ஆகாது.

சப்நெட் மாஸ்க்கை யாரும் மதிப்பதில்லை. ஆனால் ஒரு பாக்கெட்டை (தரவுத் துண்டை) நேரடியாகக் கொடுப்பதா, கேட்வேயிடம் தள்ளிவிடுவதா என்று கணினி முடிவு செய்வதே இதை வைத்துத்தான். 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருப்பவர்கள் உள்ளூர், மற்றவர்கள் எல்லாம் வெளியூர். உள்ளூர் என்றால் ஏஆர்பி என்ற விசாரிப்பு முறை மூலம் அந்த ஆளின் நெட்வொர்க் கார்டு அடையாள எண்ணான மாக் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக அனுப்பும்.

சரி, ஐபி 169.254 என்று தொடங்கினால்? அப்போது முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் பதிலே சொல்லவில்லை, கணினி தானாக ஒரு முகவரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். கேபிள், ஸ்விட்ச், டிஹெச்சிபி சர்வர் என்ற வரிசையில் பார்க்க வேண்டியதுதான்.

இதைவிட ஆளைச் சுற்றவிடும் கேஸ் ஒன்று உண்டு. அலுவலகம் முழுக்க 10.10 வரிசையில் இருக்கும், நாலு பேருக்கு மட்டும் திடீரென்று 192.168.0 வரிசையில் முகவரி வந்து நெட் நின்றுபோகும். யாரோ ஒரு புண்ணியவான் தன் சீட்டில் வைஃபை சரியாக வரவில்லை என்று வீட்டிலிருந்து பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து அதன் லான் (உள் நெட்வொர்க்) போர்ட்டில் அலுவலகக் கேபிளைச் செருகியிருப்பார். அந்த ரவுட்டருக்குள்ளும் ஒரு டிஹெச்சிபி சர்வர் ஓடும். கணினி டிஹெச்சிபிக்காக நெட்வொர்க் முழுவதும் கூவிக் கேட்கிறது, யார் முதலில் முகவரி நீட்டினாலும் வாங்கிக்கொள்கிறது. பந்தியில் உட்கார்ந்தவன் பரிமாறுகிறவர் எந்த வீட்டுக்காரர் என்று விசாரிப்பதில்லை அல்லவா, அது மாதிரி. கண்டுபிடிக்க, மாட்டிக்கொண்ட கணினியில் ஐபிகான்ஃபிக் /ஆல் (ipconfig /all) அடித்தால் டிஹெச்சிபி சர்வரின் ஐபி தெரியும், ஏஆர்பி -ஏ (arp -a) அடித்தால் அந்த ஐபிக்குரிய மாக் தெரியும், மேனேஜ்டு ஸ்விட்சின் (உள்ளே போய்ப் பார்க்க வசதியுள்ள ஸ்விட்ச்) மாக் டேபிளில் அதைத் தேடினால் எந்த போர்ட்டில் அந்த ரவுட்டர் ஒளிந்திருக்கிறது என்று வந்துவிடும். சாதா ஸ்விட்ச் என்றால் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. நல்ல ஸ்விட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் (அனுமதியில்லாத போர்ட்டிலிருந்து வரும் டிஹெச்சிபி பதிலைத் தடுப்பது) என்று ஒரு வசதி இருக்கும். போட்டுவையுங்கள், இந்தத் தொல்லையே இல்லை.

முகவரி சரியாக இருந்தால் அடுத்து பிங் (ping), அதாவது எதிர்ப்பக்கம் பதில் வருகிறதா என்று தட்டிப் பார்ப்பது. முதலில் கேட்வேக்கு, அப்புறம் கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8க்கு. மைக் மூஸ் 1983இல் எழுதிய குட்டி நிரல் இது, இன்றைக்கும் எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். ஒரு எச்சரிக்கை: பிங்குக்குப் பதில் வராததால் மட்டும் சர்வர் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், ஃபயர்வால் பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பியைத் தடுத்து வைத்திருக்கலாம்.

8.8.8.8 பதில் சொல்கிறது, ஆனால் பெயரை அடித்தால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படலாம். என்எஸ்லுக்கப் (nslookup) அடித்துப் பெயருக்கு ஐபி வருகிறதா என்று பாருங்கள். பால் மோக்கபெட்ரிஸ் 1983இல் டிஎன்எஸ்ஸை வடிவமைப்பதற்கு முன்னால் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே ஹோஸ்ட்ஸ் கோப்பில் இருந்தன, ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் அதைக் கையால் பராமரித்தார்கள். அந்தக் கோப்பின் வாரிசு இன்றும் உங்கள் கணினியில் இருக்கிறது, அதில் எழுதியிருந்தால் வெளியே கேட்காமல் அதையே எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு கணினியில் ஒரே ஒரு தளம் மட்டும் தவறான இடத்துக்குப் போனால் நான் முதலில் அங்கேதான் எட்டிப்பார்ப்பேன்.

பெயரும் சரி, பிங்கும் வருகிறது, ஆனால் அப்ளிகேஷன் திறக்கவில்லையா? இனி போர்ட், அதாவது சர்வரில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் உள்ள வாசல் எண். வெப்புக்கு 443, தொலைவிலிருந்து கட்டளை அடிக்கும் எஸ்எஸ்ஹெச்சுக்கு 22, ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389. திரையில் வரும் பிழைச் செய்தியைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் சர்வர் உயிரோடு இருக்கிறது, அந்த போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய சர்வீஸ் நின்றுவிட்டது. லினக்ஸில் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் (systemctl status) போட்டுப் பார்த்து எழுப்பிவிடலாம். 'டைம்டு அவுட்' என்றால் நம் பாக்கெட்டை வழியில் யாரோ விழுங்கிவிட்டார்கள், அல்லது சர்வரே அங்கே இல்லை. அப்போது சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுவதில் பிரயோஜனமில்லை, ஃபயர்வால் விதிகளைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.