ஜெலுத்தோங்கில் ஓர் எர்த் போல்ட்

தண்ணீர்மலை முருகனைத் தரிசித்து வரலாம் என்று, கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பினாங்குக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை நானும் என் மனைவியும் எங்கள் பழைய புரோட்டான் வீரா காரில் புறப்பட்டோம். தஞ்சோங் மாலிமைத் தாண்டியதும் பிடித்த மழை தாப்பா வரை விடவில்லை.

தாப்பா ஓய்வுத் தளத்தில் தேநீர் வாங்க இறங்கியபோது, எங்களுக்குப் பின்னாலேயே வந்து நின்ற லாரியின் ஓட்டுநர் என்னிடம் வந்தார். "அண்ணே, உங்க காடியில இடப்பக்க பிரேக் லைட்டு மங்கலா எரியுது. சிக்னல் போட்டா அதுவும் கூடவே மினுக்குது. நீங்க பிரேக் பிடிக்கிறீங்களா, திரும்பப் போறீங்களான்னே தெரியல" என்றார். மழையில் அவ்வளவு தூரம் எங்கள் பின்னால் வந்தவருக்கு நான் தவறான தகவல் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறேன் என்பது என்னை உலுக்கிவிட்டது. நன்றி சொல்லிவிட்டு, காரின் பின்பெட்டியான பூட்டைத் திறந்தேன்.

கைவசம் 21/5 வாட் பல்பு ஒன்று இருந்தது. ஒரே கண்ணாடிக்குள் 5 வாட் இழை பின்விளக்குக்கும் 21 வாட் இழை பிரேக்குக்கும் எரியும் வகை அது. மாற்றிப் பார்த்தும் பயனில்லை. வலப்பக்க பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்ததால், இரண்டுக்கும் பொதுவான பியூஸைக் குறை சொல்லவும் வழியில்லை. இரவில் அப்படியே ஓட்ட மனம் ஒப்பாமல் ஈப்போவில் தங்கி, விடிந்ததும் கிளம்பி, 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலத்தை முன்னால் செல்லும் வண்டிகளுக்கு நிறைய இடைவெளி விட்டு, திடீரென்று பிரேக் மிதிக்க நேராதபடி கடந்தோம்.

பினாங்கின் ஜெலுத்தோங்கில் கார் வயரிங் வேலை மட்டுமே செய்யும் தமிழ்ப் பெரியவர் ஒருவரின் பட்டறை இருப்பதாக உறவினர் சொல்லியிருந்தார். நான் புதிய பல்பு மாற்றியதைச் சொன்னதும், "பல்ப விடுங்க தம்பி, மொதல்ல எர்த்த பாப்போம்" என்று வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தார். விளக்குக்குப் போன மின்சாரம் வண்டியின் உலோக உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பாதைதான் எர்த்.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ் முனையிலும், மற்றொன்றை இடப்பக்க விளக்குத் தொகுதியின் கறுப்பு எர்த் ஒயரிலும் வைத்தார். பின்விளக்கு மட்டும் எரிந்தபோது 0.7 வோல்ட் காட்டியது. நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு சிக்னலையும் போட்டபோது அது 5.2 வரை ஏறி இறங்கியது. எர்த் நன்றாக இருந்தால் அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பின்விளக்கின் 5 வாட்டுக்கு வேண்டிய சிறிய மின்னோட்டம் கெட்ட எர்த்திலும் தட்டுத்தடுமாறித் திரும்பிவிடுகிறது. பிரேக், சிக்னல் ஆகிய 21 வாட் இழைகள் இரண்டும் சேரும்போது அந்தத் தடை பேட்டரி வோல்ட்டேஜில் பெரும் பங்கை விழுங்கிவிடுவதால், சிக்னல் எரியும் ஒவ்வொரு கணமும் பிரேக் விளக்கு மங்குகிறது. போகும் வழி அடைபட்ட மின்சாரம் அணைந்திருக்கும் ரிவர்ஸ் பல்பின் வழியாகவும் வெளியேறப் பார்ப்பதை, அந்த இழை கங்கு போலச் சிவந்து துடித்ததில் என் கண்ணாலேயே கண்டேன். பின்விளக்கை மட்டும் போட்டுவிட்டு "எல்லாம் எரிகிறது" என்று நான் இத்தனை நாள் திருப்தி அடைந்தது எவ்வளவு பெரிய தவறு!

பூட்டின் உள்விரிப்பை விலக்கியதும் காரணம் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பின்பக்கம் இடிபட்டு ஒரு பட்டறையில் தகரம் தட்டி வர்ணம் அடித்தபோது, எர்த் போல்ட் இறங்கும் இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டு அதன் மேலேயே ஒயரின் வளையத்தை முடுக்கியிருந்தார்கள். வர்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஈரம் இறங்கிப் பச்சைக் களிம்பு படிந்ததும் அதுவும் குறைந்துவிட்டது. வேலையை அவசரமாக முடித்தவர்களுக்கு இது ஒரு நிமிட வேலைதான் என்பதால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

பெரியவர் உப்புத்தாளால் அந்த இடத்தைக் காசளவுக்குத் தேய்த்து வெள்ளித் தகரத்தை வெளிக்கொணர்ந்தார். களிம்பேறிய வளையத்தை வெட்டிவிட்டுப் புதியதை அழுத்திப் பொருத்தி, போல்ட்டை முடுக்கிய பின்பே மேலே கிரீஸ் தடவினார். அடியில் வெறும் உலோகமும் உலோகமும்தான் ஒட்டியிருக்க வேண்டும், கிரீஸ் வெளியே ஈரத்தைத் தடுக்க மட்டும் என்று விளக்கினார். மீண்டும் எல்லா விளக்குகளையும் போட்டபோது மீட்டர் 0.1 வோல்ட்டில் நின்றது.

அன்று இரவு ஜார்ஜ்டவுனில், ஒரு பழைய கடைவீட்டின் வெள்ளைச் சுவரை ஒட்டி வண்டியைப் பின்னோக்கி நிறுத்தி, முகப்பு விளக்கும் பிரேக்கும் இடது சிக்னலும் ஒன்றாக எரியக் கண்ணாடியில் பார்த்தேன். சுவரில் இரண்டு சிவப்பு வட்டங்கள் அசையாமல் நின்றன. மஞ்சள் மட்டும் அதன் போக்கில் விட்டுவிட்டு எரிந்தது.