கஜா புயலுக்குப் பிறகு: எங்கள் வீட்டுக் கூரை

18 நவம்பர் 2018, பேராவூரணி பக்கம்

16ஆம் தேதி விடியுமுன் கொல்லைத் தென்னை கூரைமேல் சாய்ந்தது. கூரை உச்சியில் கிடையாக ஓடும் முகட்டு வளை முறிந்து, அதிலிருந்து சரிவாக இறங்கும் கைமரங்களும் பாதி ஓடுகளும் கூடத்தில் கிடக்கின்றன. நாங்கள் அடுப்படியில் படுத்திருந்ததால் தப்பினோம். மண்சுவர் நனைந்தால் கரையும். அதனால் சாமான்களை அப்படியே விட்டுவிட்டு, முதலில் சுவரின் தலைக்குத் தார்ப்பாய் கட்டினேன்.

23 நவம்பர்

கார்த்திகை தீபம். கரண்டு இன்னும் வரவில்லை, ஊரே அகல் வெளிச்சத்தில்தான் இருந்தது. அம்மா ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து அடுக்கினார். கணீரென்றால் நல்ல ஓடு. மந்தமாகக் கேட்டால் உள்ளே கீறல். 412 தேறின.

2 டிசம்பர்

ஆசாரி அண்ணன் வந்து அளந்தார். மரம் எங்கே வாங்கலாம் என்று கேட்டேன். "ஏன் தம்பி வாங்கணும்? கொல்லையில கிடக்கிறதை அறுப்போம்" என்றார். வயதான தென்னையின் அடிப்பாகத்தில் வெளிச்சுற்று வைரம் பாய்ந்து இறுகியிருக்கும். நடுவில் இருக்கும் மெத்தென்ற சோற்றுப் பகுதி எதற்கும் உதவாது, நுனிப்பக்கமும் அப்படித்தான். அறுத்த சட்டங்களை இடைவெளி விட்டு நிழலில் அடுக்கினோம். பச்சையாக ஏற்றினால் முறுக்கிக்கொள்ளுமாம்.

மிச்சத் தண்டுகளையும் சீக்கிரம் அகற்ற வேண்டும். அழுகினால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, நிற்கிற மரங்களையும் தின்றுவிடும். அரசு நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500. அப்பா வைத்த மரங்களில் 43 போய்விட்டன. அவர் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. அறுக்கும்போது அம்மா அந்தப் பக்கமே வரவில்லை.

19 டிசம்பர்

இன்றுதான் கரண்டு வந்தது. சுவர் வெடிப்புகளைக் கொத்தனார் பூசி முடித்தார். அப்புறம் சட்டங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவினேன், கரையான் அண்டாது. கையெல்லாம் எரிகிறது.

13 ஜனவரி 2019

கைமரமும், அதன் குறுக்கே ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் சட்டமும் ஏறிவிட்டன. ஓடு வேய்வதைத் தாழ்வாரத்து விளிம்பிலிருந்து மேல்நோக்கித் தொடங்கினோம். கீழ் இரண்டு வரிசையையும் கம்பியால் ரீப்பரோடு கட்டச் சொன்னேன். காற்று முதலில் அங்கேதான் நெம்பும். முன்பு அப்படிக் கட்டியிருக்கவில்லை. ஆசாரி அண்ணனுக்கு அரை நாள் கூடுதல் வேலை, ஆனாலும் முகம் சுளிக்கவில்லை.

சாயங்காலம் அம்மா கூடத்துக்கு வந்து, புதுச் சட்டங்களை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். "எது அந்தக் கிணற்றடி மரம்?" என்று கேட்டார். மூன்றாவதைக் காட்டினேன்.