திறக்காத பி65

நவம்பர் 18
சீடி ட்ரைவுக்குள்ள சுத்துற சத்தம் மட்டும்தான்.

நவம்பர் 19
மெல்லிய துணியால நடுவில இருந்து விளிம்புக்கு நேராத் துடைச்சன், வட்டமாத் துடைச்சா கீறல் இன்னும் மோசமாகும். மூண்டாந்தரம் வாசிச்சிச்சி. உள்ள ஒரே ஒரு ஃபைல், கூத்து கடைசி எண்டு பேர், பின்னால பி65. எதால திறக்க எண்டு கேக்குது. எனக்கென்ன தெரியும், 2003இல அப்பா கூத்துப் பாட்டெல்லாத்தையும் எங்கயோ குடுத்து அடிப்பிச்சது. முதல் வேலையா ஹார்ட் டிஸ்கில கொப்பி எடுத்திட்டு, அந்தக் கொப்பியில மட்டும் கை வைக்கிறன்.

நவம்பர் 20
அப்பாட வலக்கை இன்னும் எழும்பல்ல. வாயும் கோணித்தான் கிடக்கு. மத்த மத்த எண்டார், மத்தியானச் சாப்பாடாக்கும் எண்டு சோத்தப் பிசைஞ்சன். மத்தளமாம். ஈரச் சுவரோட சாத்தாத எண்டு சொல்ல அரை மணித்தியாலம்.

நவம்பர் 21
அண்ணன் கட்டார்ல இருந்து போன் பண்ணி, பி65 எண்டத டொக் எண்டு மாத்திப் பாரு எண்டான். சட்டைய மாத்தினா ஆள் மாறுவானா. டவுன்ல கடைத் தம்பிதான் சொன்னான், அக்கா இது பேஜ்மேக்கர் 6.5, புத்தகப் பக்கம் அடுக்குற பழைய சொப்ட்வெயார், கடைசிப் பேஜ்மேக்கரே 2001இல வந்த 7தான், அதுக்குப் பதிலா வந்த இன்டிசைன்ல இப்பத்தது இதத் திறக்காது, பழைய சிஎஸ்6 பதிப்பு வரைக்கும்தான் திறக்கும் எண்டு. அவனிட்ட சிஎஸ்6 இல்ல. பழைய ப்ரெஸ் ஒண்டு பூட்டிக் கிடக்கு, இன்னொண்டில கம்ப்யூட்டரையே வித்துப்போட்டாங்க. பாலத்தில நிண்டு நனைஞ்சி வந்தன்.

நவம்பர் 23
78 சூறாவளி நாள். கூத்து ஏடு ஊறிப்போய் ஒண்டோட ஒண்டு ஒட்டின கதைய அம்மா திரும்பச் சொன்னா. மறுகா அப்பா நினைவில இருந்து எழுதின கொப்பிய சுனாமி கொண்டு போச்சி. மிச்சம் இந்தச் சீடிதான். இது எனக்கு முதல்ல ஏன் விளங்கல்ல.

நவம்பர் 24
கரண்ட் இல்ல. மத்தளத்தக் கட்டிலுக்கு மேல ஏத்தியாச்சி.

நவம்பர் 26
சும்மா நோட்பேட்டில போட்டன். பெட்டி பெட்டியாக் குப்பை, இழுத்துக்கொண்டே போனா நடுவில இங்கிலீஸ் எழுத்து. எம் ஜி செமிகோலன் ஜி எச். இத எங்க கண்டன் எண்டு யோசிக்க, ஓ லெவல் முடிச்சி டைப்பிங் படிச்ச விரல் தானா அடிச்சிச்சி. எம் அ, ஜி ப, செமிகோலன் புள்ளி, எச் துணைக்கால். அப்பா! பழைய பாமினி ஃபொண்டில அடிச்சிருக்காங்க! எழுத்தெல்லாம் உள்ளதான் கிடக்கு, இவ்வளவு நாளும் கதவத்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கன். ராவு ரெண்டு மணி வரைக்கும் வெட்டி வெட்டி கொன்வேட்டர்ல போட்டு யூனிகோட் ஆக்கினன். கட்டியகாரன் வரவு வந்திட்டு. தருப் பாட்டு வந்திட்டு. ஒழுங்குதான் இல்ல, ராசா வாறதுக்கு முதல் செத்துப்போறார்.

நவம்பர் 28
பிரிண்ட் எடுத்துக் கொண்டு போனன். அப்பா பார்க்கவே இல்ல. மத்தளத்துக்கு வெயில் காட்டினியா எண்டு கேட்டார். வெயில் எங்க அப்பா கிடக்கு எண்டன்.

நவம்பர் 29
ரெண்டாம் விருத்தத்தில பாதி வரிய இன்னும் காணல்ல. ஃபைல்ல கடைசி வரைக்கும் தேடிட்டன். நாளைக்கு அந்தப் பக்கத்த மட்டும் கொண்டுபோய் வாசிச்சிக் காட்டோணும், பிழையா வாசிச்சா அவருக்குப் பொறுக்காது.